வேரின் வழியும் ஊரின் நெறியும்

நுழையும்முன்

நெல்லுக்குப் பெயர்பெற்ற தஞ்சை மண்ணின் தென்பகுதி தென்னையாலும் வாழ்கிறது. அம்மண்ணின் பெயரையே தாங்கிய மரநோய் ஒன்று உண்டு. ஒருவரது தோப்பில் தோன்றும் அந்நோயை ஊரே கூடித் தடுக்க வேண்டியிருப்பது ஏன்? அதற்கு ஊரவை எவ்வாறு இலக்கு வகுக்கலாம்? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

நெல்லும் தென்னையும்

காவிரியும் அதன் கிளையாறுகளும் தஞ்சையின் நெல்வயல்களை வளப்படுத்துகின்றன. தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்கு, மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934ஆம் ஆண்டு அமைந்த கல்லணைக் கால்வாய் நீர் கொணர்ந்தது. அப்பகுதியில் தென்னந்தோப்புகள் பெருகின. நெல் ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவத்தில் மீளலாம். தென்னை வீழ்ந்தாலோ, அவ்விடத்தில் நட்ட கன்று காய்க்கும்வரை ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இதனை உணர்த்தியது. ஓரிரவில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அதன்பின் நடப்பட்ட கன்றுகளே பல குடும்பங்களின் நாளைய வாழ்வு. அவற்றைப் புயலிலிருந்து காத்தல் அரிது. நோயிலிருந்து காத்தல் இயலும்.

மண்ணின் பெயர் தாங்கிய நோய்

1952ஆம் ஆண்டில் வீசிய புயலை அடுத்துத் தஞ்சைப் பகுதித் தோப்புகளில் கண்டறியப்பட்டதால், இது 'தஞ்சாவூர் வாடல் நோய்' எனப்பட்டது. அடித்தண்டழுகல் நோய் என்றும் வழங்குவர். கனோடெர்மா என்னும் பூஞ்சை மண்ணில் தங்கி, வேர்களை அழுகச் செய்து, அடிமரத்திற்கு ஏறுகிறது. மரத்தின் அடிப்பகுதி வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு கசியும். கீழ்மட்டைகள் மஞ்சளித்துத் தொங்கும், குரும்பைகள் உதிரும், இறுதியில் மரம் பட்டுப்போகும். சாறு கண்ணுக்குப் புலப்படும் வேளையில் வேர்கள் பல அழுகியிருக்கும். அடிமரத்தில் விசிறி போன்ற காளான் தோன்றினால் நோய் முற்றியது எனக் கொள்ளலாம்.

நோயுற்ற மரத்தைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் அகழி வெட்டி, அதனைப் பிற மரங்களிடமிருந்து பிரிக்க வேண்டும். பட்ட மரத்தை வேரோடு அகற்ற வேண்டும். நலமான மரங்களுக்கு ஆண்டுதோறும் மரத்திற்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும், தொழுவுரத்துடன் கலந்த டிரைக்கோடெர்மா என்னும் நன்மை தரும் பூஞ்சையும் இடலாம். நோயுற்ற மரத்தைக் கடந்த நீர் பிற மரங்களுக்குப் பாயாதவாறு தனித்தனி வட்டப்பாத்திகளில் பாய்ச்சுதல் நன்று. இத்தகைய வழிமுறைகளை அறிய, வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

வேலி அறியாத பகை

வழிமுறைகள் இருந்தும் நோய் நீடிப்பதேன்? பூஞ்சைக்கு வேலியும் பட்டாவும் தெரியா. ஒருவர் அகழி வெட்டினும், அயலார் பட்ட மரத்தின் அடிக்கட்டையை விட்டுவைத்தால் நோய் அங்கிருந்தே பரவும். சில காய்களேனும் தரும் மரத்தை அகற்ற உடையவருக்கு மனம் வாராது; கட்டையைத் தோண்டும் செலவைச் சிறு உழவரால் தாங்கவும் இயலாது. இவ்விடத்தில்தான் தனியொருவர் துன்பம் ஊர்ப்பொதுவாகிறது.

விருப்பமும் இலக்கும்

'தென்னையைக் காப்போம்' எனக் கிராம சபையில் தீர்மானம் இயற்றுவது எளிது. அது விருப்பம். எதனை, எவ்வளவு, எவர், எந்நாளுக்குள் என வரையறுத்தால் அது இலக்காகும். சான்றாக, சனவரி 26 கூட்டத்தில் மரக் கணக்கெடுப்புக்குக் குழு அமைக்கலாம். மே 1 கூட்டத்தில் நோயுற்ற மரங்களின் பட்டியலை அவைமுன் வைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அடிக்கட்டைகளை அகற்றுவதற்கான செலவை எவ்வாறு பகிர்வது என ஆகஸ்ட் 15 கூட்டத்தில் முடிவுசெய்யலாம். நவம்பர் 1 கூட்டத்தில், சொன்னவற்றுள் எவை முடிந்தன, எவை முடியவில்லை எனக் கணக்குக் காட்டலாம். முடியாததை மறைக்காமல் கூறும் அவையே அடுத்த ஆண்டு சரியான இலக்கை வகுக்கும்.

வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். மாணவர்களே, பதினெட்டு அகவை நிறைந்து அப்பட்டியலில் இடம்பெறும் நாள் உங்களுக்கும் அண்மையில் உள்ளது. அன்று அவையில் அமரும்போது, உங்கள் தோப்பைப் பற்றி மட்டுமன்றி அடுத்த தோப்பைப் பற்றியும் வினவுங்கள்.

தெரியுமா?

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைக் கூறுகின்றன. ஏரிகளுக்கு ஏரி வாரியமும் தோட்டங்களுக்குத் தோட்ட வாரியமும் அன்றே இருந்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மரங்களையோ பயிர்களையோ தாக்கும் நோய் ஒன்றைப் பற்றி உழவர்களிடம் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.

2. அந்நோயைத் தடுக்கக் கிராம சபையில் முன்வைப்பதற்குரிய தீர்மானம் ஒன்றை, பொறுப்பாளரும் கால வரையறையும் விளங்குமாறு எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.