கூக்கால் குளிரில் கிட்டாருக்குச் சுருதி சேர்க்க…

பூம்பாறை தாண்டி கூக்காலுக்குக் கிட்டார் கொண்டுபோகிறவர்களுக்கும், அங்கேயே புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. வத்தலக்குண்டு வெயிலில் கிளம்பிய கிட்டாரை மலையேறியதும் உறையிலிருந்து எடுக்காதீர்கள். அரை மணி நேரமாவது அறைக்குள் அப்படியே இருக்கட்டும். குளிரில் எஃகுக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். மூடுபனியின் ஈரத்தில் மரம் உப்பும். இரண்டும் ஓரளவு அடங்கிய பிறகு சேர்த்தால்தான் நிற்கும்.

2. குளிர்காய மூட்டிய நெருப்புக்குப் பக்கத்தில் கிட்டாரை வைக்கவே கூடாது. சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், ஒட்டிய பசையும் இளகும்.

3. தடித்த ஆறாம் கம்பியிலிருந்து மெல்லிய முதல் கம்பி வரை ஸ்வரங்கள்: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. டியூனர் செயலியை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அதில் 'ஏ' 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். ஐந்தாம் கம்பி அதில் கால் பங்கு, 110 ஹெர்ட்ஸ்.

4. செயலி இருந்தாலும் காதால் சேர்க்கப் பழகுங்கள். பண்ணைப்புரத்து இளையராஜா லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கிய காலத்தில் கைபேசி ஏது? ஆறாம் கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஒலிதான் ஐந்தாம் கம்பியின் திறந்த ஒலி. அடுத்தடுத்த கம்பிகளுக்கும் இதே முறை. மூன்றாம் கம்பியை மட்டும் நான்காவது ஃப்ரெட்டில் அழுத்தி இரண்டாம் கம்பியைச் சேர்க்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டினால் ஒலி அலை அலையாக ஏறி இறங்கும். 110-உம் 112-உம் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு அலை. சேரச் சேர அலை மெதுவாகி மறையும். அந்த இடத்தில் முறுக்காணியை நிறுத்துங்கள். இதைக் கேட்கப் பழகிய காதுக்கு எந்தக் கருவியும் பிடிபடும்.

5. சுருதி கூடிவிட்டால் நேராக இறக்கி நிறுத்தாதீர்கள். தேவைக்குக் கீழே தளர்த்தி, மறுபடி ஏற்றிக்கொண்டு வாருங்கள். இறக்கி நிறுத்திய கம்பி வாசிக்கும்போது நழுவும்.

6. திருகும்போது 'டிக்' என்று துள்ளினால், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள்.

7. புதுக் கம்பி சில நாள் இழுபடும். மாட்டியதும் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள்.

8. ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடையுங்கள். துருப்பிடித்த கம்பியில் சுருதி சுத்தமாகச் சேராது.