இடிந்தபடியே நிற்கும் கோட்டை

அன்புள்ள கயல்,

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "பாதிச் சுவர்தானே மாமா நிக்குது, மீதியை ஏன் கட்டாம விட்டுட்டாங்க?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி.

அது லாட்வியாவின் செசிஸ் கோட்டை. தலைநகர் ரீகாவிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் துறவு வீரர்கள் எழுப்பியது. துறவிக்கு எதற்கு வாள் என்பாய். சமயம் பரப்புகிறோம் என்று சொல்லி நாடு பிடித்தவர்கள் அவர்கள். 'வாள் சகோதரர்கள்' என்றே பெயர். 1237இல் டியூட்டானிக் சபை என்ற இன்னொரு துறவு வீரர் அமைப்போடு இணைந்து, லிவோனியா என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் அதன் கிளையானார்கள். 1494 முதல் 1535 வரை அதன் தலைவராக இருந்த வால்ட்டர் ஃபோன் பிளெட்டன்பெர்க்கின் காலத்து அறையொன்றில், விண்மீன் வடிவில் விரியும் வளைகூரையை இன்றும் அண்ணாந்து பார்க்கலாம்.

1577இல் ரஷ்யாவின் ஜார் நான்காம் இவானின் படை கோட்டையை முற்றுகையிட்டது. பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் சுமார் 300 பேர், பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று வெடிமருந்துக்குத் தீ வைத்துக்கொண்டார்கள். மேற்குப் பகுதி அவர்களோடு சரிந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் வடக்குப் போர் வந்து மிச்சத்தையும் பாழாக்கிற்று.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து நாடான லிதுவேனியாவில், டிராகாய் தீவுக் கோட்டையும் இப்படித்தான் சிதைந்து கிடந்தது. 1950களில் செங்கல் அடுக்கி எழுப்பிவிட்டார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எது பழசு, எது புதுசு என்று கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. செசிஸில் சுவரை முழுசாக்கினால், அந்த 300 பேரின் கதைக்குச் சாட்சி ஏது?

இடிந்ததை இடிந்தபடியே காப்பது சும்மா விட்டுவிடுவது அல்ல, கயல். இத்தகைய சுவர்களில் இருபுறமும் கல். நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரை போய்விட்டால் மழைநீர் சுவரின் உச்சி வழியாக உள்ளே இறங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து, பருத்து, கல்லை வெளியே தள்ளும். ஆகவே சுவரின் உச்சியை மூட வேண்டும், விரிசல்களை அடைக்க வேண்டும். அதற்குச் சிமெண்ட் ஆகாது. அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். சுண்ணாம்புதான் சுவரை மூச்சுவிட வைக்கும்.

செசிஸில் எஞ்சி நிற்கும் மேற்குக் கோபுரத்துக்குள் இருட்டு. ஏறுகிறவர்கள் கையில் மெழுகுவர்த்தி வைத்த கூண்டு விளக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரு கையில் விளக்கு, மறு கை கல்சுவரில். என்றைக்காவது நீ அங்கே போனால், கைபேசி வெளிச்சத்தைப் போட்டுவிடாதே.

அன்புடன்,
மாமா