வாராதார்க்கும் வாக்குரிமை

குடியாட்சியின் உயிர்நாடி வாக்குரிமை. அவ்வுரிமை உடையவனாயிருந்தும், தேர்தல் நாளன்று தனது வாக்கெடுப்பு நிலையத்துக்கு வர இயலாதவன் நிலை யாது? பருத்தித்துறையிற் பிறந்து எம் கல்லூரியிற் பயின்றோர் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். ஆதலின் இவ்வினா எமக்குப் புறம்பானதன்று.

சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டு இலங்கைக்குக் கிடைத்தது. அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம், இளைஞர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுப் பகிஷ்கரித்தது. அன்று எம்மவர் வாக்கைத் தாமாகவே விலக்கினர். இன்றோ விரும்பியும் அளிக்க வழியின்றி நிற்போர் பலர்.

தபால் மூல வாக்களிப்பு எமக்குப் புதியதன்று. 1981ஆம் ஆண்டின் தேர்தற் சட்டங்கள் முப்படையினர், பொலிசார், அரசாங்க ஊழியர், தேர்தற் கடமையில் ஈடுபடுவோர் முதலியோர்க்கு அதனை வழங்குகின்றன. 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் 1 கோடி 71 இலட்சம் வாக்காளருள் ஏறத்தாழ 7 இலட்சத்து 12 ஆயிரம் பேர் தபால் வாக்குக்குத் தகுதி பெற்றனர். ஆயின் வைத்தியசாலையிற் படுத்திருக்கும் நோயாளிக்கும், தூர மாவட்டத்தில் தனியார் நிறுவனத்தில் உழைப்பவனுக்கும், மத்திய கிழக்கிற் பணிபுரியும் பெண்ணுக்கும் அவ்வசதி இல்லை. இரட்டைக் குடியுரிமை பெற்றவரும் இடாப்பிற் பெயர் இருந்தால் நேரில் வந்தே வாக்களித்தல் வேண்டும்.

இத்தடை அரசியலமைப்பில் உள்ளதா? 1978ஆம் ஆண்டு யாப்பின் 3ஆம் உறுப்புரை வாக்குரிமையை மக்கள் இறைமையின் கூறாகக் கொள்கின்றது. 4ஆம் உறுப்புரை, பதினெட்டு வயது நிரம்பித் தேருநர் இடாப்பிற் பெயர் பதியப்பெற்ற ஒவ்வொரு பிரசைக்கும் அதனை உரித்தாக்குகின்றது. நேரில் வருதல் வேண்டும் என்னும் நிபந்தனை அங்கில்லை. வதிவிடம், பதிவு, தேர்தல் முறை ஆகியவற்றை 101ஆம் உறுப்புரை சாதாரண சட்டத்துக்கே விட்டுள்ளது. எனவே சட்டத் திருத்தமே போதும் எனலாம். ஆயினும் சாதாரண சட்டம் தருவதைப் பிறிதொரு சாதாரண சட்டம் பறித்தல் கூடும். யாப்பில் எழுதப்பட்டால், அதனை மாற்றுதற்கு 225 உறுப்பினருள் 150 பேரின் இசைவேனும் வேண்டும். இதுவே யாப்புத் திருத்தத்தின் பயன்.

பிறநாடுகள் இவ்வழியிற் சென்றுள்ளன. 1987ஆம் ஆண்டின் பிலிப்பைன்சு யாப்பு, வெளிநாட்டிலுள்ள தன் பிரசைகள் வாக்களிக்கும் முறையொன்றைச் சட்டமன்றம் வகுத்தல் வேண்டுமெனப் பணித்தது. அதற்குரிய சட்டம் 2003இற் பிறந்தது. இத்தாலி 2000இல் தன் யாப்பைத் திருத்தியது. அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து மக்கள் 2024இல், காரணங் காட்டாமலே தபாலில் வாக்களிக்க வழிசெய்யும் திருத்தத்தை ஏற்றனர். நியூயோர்க் மக்களோ 2021இல் அத்தகையதொன்றை நிராகரித்தனர். இந்தியா 2010இல் வெளிநாடுவாழ் பிரசைகளை இடாப்பிற் சேர்த்ததெனினும், அவர்கள் நேரில் வரல் வேண்டுமென்றது. விமானக் கட்டணம் இல்லாதவனுக்கு அது பெயரளவான உரிமையே.

யாழ்ப்பாணத்துக்கு இதிற் தனியொரு நட்டமும் உண்டு. மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களுள் 160, பதியப்பெற்ற வாக்காளர் தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றன. போரினாலும் புலப்பெயர்வினாலும் இடாப்புச் சுருங்க, 2010இல் 9 ஆக இருந்த யாழ் மாவட்ட ஆசனங்கள் 2015இல் 7 ஆகவும், 2024இல் 6 ஆகவும் குறைந்தன. பெயரொன்று நீங்குவதால் இழப்பவன் நீங்கியவன் மட்டுமல்லன், ஊரிலிருப்பவனும் இழக்கின்றான்.

மறுப்புகளையும் நாம் எண்ணுதல் தகும். யாப்பின் 93ஆம் உறுப்புரை வாக்கு இரகசியமாயிருத்தல் வேண்டும் என்கின்றது. முதலாளியின் விடுதியில் நிரப்பப்படும் வாக்குச்சீட்டில் அவ்விரகசியம் நிலைக்குமா? வரியும் விலைவாசியும் தம்மைத் தாக்காதார், தாக்கப்படுவோர்க்கு ஆட்சியைத் தெரிதல் நீதியா? இவை வலிய வினாக்கள். ஆதலின் நாட்டினுள் இருப்போர்க்கு முதலில் வழி திறந்து, தூதரகங்களிற் கண்காணிப்புடன் நேரடி வாக்களிப்பைப் பின்னர் நடாத்துதலே தக்கதென நாம் கருதுகின்றோம்.

மாணவர்காள்! இடாப்பில் உங்கள் பெயர் உண்டா என்பதை ஆண்டுதோறும் கிராம அலுவலரிடம் ஆராய்ந்தறிமின். பெயர் இல்லாதவனுக்கு எத்திருத்தமும் உதவாது.