தைராய்டு நோயும் தைமஸ் சுரப்பியும்

தைராய்டு தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: “எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இந்நோய் வந்ததா? அதைக் கூட்ட ஏதேனும் மருந்து உண்டா?” இவ்வினாவுக்கு விடை காண, பலரும் அறியாத தைமஸ் என்னும் சுரப்பியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

தைமஸ் செய்யும் பணி

தைமஸ், மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் முன்புறம் அமைந்துள்ளது. இதன் பணியை 1961இல் எலிகளை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் ஜாக் மில்லர் என்னும் அறிவியலர். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இளம் வெள்ளணுக்கள் தைமஸை அடைந்து, அங்கே டி அணுக்களாக முதிர்கின்றன. நம் உடலின் திசுக்களையே பகையாகக் கருதும் அணுக்களுள் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தேர்ச்சி பெற்ற சிலவே இரத்தத்தில் கலக்கின்றன.

இக்கண்டிப்பையும் மீறித் தப்பிவரும் அணுக்களை அடக்கி வைப்பதற்கென்று கட்டுப்படுத்தும் டி அணுக்களும் உள்ளன. இவற்றை 1995இல் இனங்காட்டிய ஷிமோன் சகாகுச்சி, 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர். சிலவகை எலிகளுக்குப் பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை நீக்கியபோது, தைராய்டு உள்ளிட்ட உறுப்புகளில் தன்னுடல் தாக்குநோய் தோன்றியது. இந்த உண்மையே அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டிற்று.

வயதும் எதிர்ப்பாற்றலும்

பூப்புப் பருவத்திற்குப் பின் தைமஸ் சுருங்கி, அதன் இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. இது நோயன்று, அனைவருக்கும் நிகழ்வது. ஆயினும் புதிய டி அணுக்களின் வரவு குறைவதால், பழைய அணுக்களே பெருகி அவ்விடத்தை நிரப்புகின்றன. எனவே முதுமையில் புதிய கிருமிகளை எதிர்க்கும் திறன் தளர்கிறது. அதே வேளையில், தன் திசுவைத் தாக்கும் போக்கு கட்டுப்பாட்டை மீறவும் கூடும்.

ஹாஷிமோட்டோ நோய் நடுத்தர வயதிலும் அதற்குப் பின்னும் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் வயது மட்டுமே காரணமன்று. மரபணுக்கள், பெண்பாலாக இருத்தல், அயோடின் அளவு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. இளம்பெண்களுக்கும் இந்நோய் வருவதை நாங்கள் காண்கிறோம்.

ஆகவே தொடக்க வினாவுக்கு விடை இதுதான்: இந்நோயில் குறைந்திருப்பது எதிர்ப்பாற்றலின் வலிமை அன்று, தன்னையும் பிறவற்றையும் பிரித்தறியும் திறனே. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் அதனைச் சீராக்குவதில்லை. அவற்றுள் அயோடின் மிகுந்தவை தைராய்டுக்குத் தீங்கும் விளைவிக்கலாம்.

ஸ்கேனில் தைமஸ் பெரிதாகத் தெரிந்தால்

கிரேவ்ஸ் நோயில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இந்நோயுற்றோர் சிலருக்கு, சுருங்கியிருக்க வேண்டிய தைமஸ் மீண்டும் பெருப்பதுண்டு. வேறொரு காரணத்திற்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் ‘மார்பின் முன்பகுதியில் கட்டி’ என்று காணும் குடும்பத்தினர் புற்றுநோயோ என்று நடுங்குவது இயல்பே. ஆனால் கிரேவ்ஸ் நோயில் காணப்படும் இப்பெருக்கம் பெரும்பாலும் தீங்கற்றது. தைராய்டு சிகிச்சையால் சுரப்பு சீரடைந்தபின், சில மாதங்களில் அது தானே சுருங்கிவிடும். ஆதலால் அறுவைக்கு விரையாமல், சிகிச்சைக்குப்பின் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே பெரும்பாலும் போதுமானது. தைமஸின் வடிவம் ஒழுங்கற்றோ, சுண்ணாம்புப் படிவுடனோ இருந்தால் மேலும் சோதனை தேவைப்படும். இமை தொங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், மாலையில் மிகும் தசைத் தளர்ச்சி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

பராமரிப்பவர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை

• லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் கொடுங்கள். காலை உணவு அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

• முதியோருக்கு டி.எஸ்.எச். அளவு சற்றே கூடியிருப்பது இயல்பாகவும் இருக்கலாம். மருந்தளவை நீங்களாகவே மாற்ற வேண்டா. மிகுதியான மருந்து இதயத்துடிப்பைச் சீர்குலைக்கும்.

• முதியோரிடம் அதிகச் சுரப்பு, படபடப்பின்றி, சோர்வாகவும் உடல் மெலிவாகவும் மட்டும் வெளிப்படலாம். ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள்.

• கார்பிமசோல் உட்கொள்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால், மருந்தை நிறுத்தி, அன்றே வெள்ளணு எண்ணிக்கையைச் சோதித்துக்கொள்ளுங்கள். இதில் தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுருங்கிய தைமஸை மீண்டும் வளர்க்கும் சிகிச்சை இன்று நடைமுறையில் இல்லை. ஆனால் தைராய்டைச் சீராக வைக்கும் மருந்துகள் நம் கையில் உள்ளன. அவற்றை முறையாக உட்கொள்வோர் நெடுங்காலம் நலமுடன் வாழ்வதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.