வர்த்தகப் பாடம்: இணைய வாணிபத்தில் ஏமாந்த பணத்தைக் கேட்டுப் பெறும் முறை

கல்லாவில் பத்து வெள்ளி குறைந்தால் அன்றிரவே பேரேட்டைத் திருப்பிப் பார்க்கிறோம். மூட்டையில் எடை குறைந்தால் மொத்த வியாபாரியிடம் ஆள் அனுப்புகிறோம். ஆனால் கைத்தொலைபேசி வழியாக ஆயிரக்கணக்கான வெள்ளியை முகமறியாத ஒருவனிடம் பறிகொடுத்துவிட்டால் மட்டும் வாயடைத்து இருந்துவிடுகிறோம். நாலு பேருக்குப் புத்தி சொல்லும் முதலாளியே ஏமாந்துபோனார் என்ற பேச்சு வருமே என்ற அச்சந்தான் காரணம். அந்த மௌனத்தினால் மோசக்காரனுக்கே லாபம். போன பணம் திரும்புவது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. எவ்வழியில் பணம் கொடுத்தோம் என்பது ஒன்று. எவ்வளவு விரைவில் முறையிட்டோம் என்பது மற்றொன்று. மலேசியாவில் வாணிபம் செய்யும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய முறைகளை இப்பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

பாடம் விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். உணவுக்கடை நடத்தும் ஒருவர், முகநூல் விளம்பரத்தில் கடைக்கேற்ற பெரிய குளிர்ப்பெட்டி ஒன்று 4,200 வெள்ளிக்குக் கிடைப்பதாகக் காண்கிறார். வெளியில் அதன் விலை மிக அதிகம். வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறார். “இன்றே முழுத் தொகையையும் பாங்கிக் கணக்கில் போட்டால் நாளைக் காலை லாரி வந்துவிடும்” என்று பதில் வருகிறது. பணம் போகிறது, லாரி வரவில்லை, மறுநாள் டெலிபோனை எடுப்பாரும் இல்லை. இவர் செய்ய வேண்டியது என்ன?

1. தகராறா, மோசடியா?

முதலில் இதனைப் பிரித்தறிய வேண்டும். விலாசமும் பதிவும் உள்ள வியாபாரி ஒருவர் உடைந்த சரக்கை அனுப்பினாலோ, காலந்தாழ்த்தினாலோ அது தகராறு. ஆளே போலி, கடையே போலி என்றால் அது மோசடி. தகராறுக்குத் தீர்ப்பாயம் உண்டு. மோசடிக்குப் பாங்கியையும் போலீசையும் நாட வேண்டும். மோசக்காரனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர், பணத்தைத் தடுத்து நிறுத்தக்கூடிய நேரத்தை வீணாக்கிவிடுவார். நம் உணவுக்கடைக்காரருக்கு நேர்ந்தது மோசடியென்றே கொள்ள வேண்டும்.

2. முதல் மணி நேரம்

ஏமாந்தோம் என்று அறிந்த நிமிடமே தம் பாங்கியின் 24 மணி நேரத் தொலைபேசிக்கோ, 997 என்ற எண்ணுக்கோ பேச வேண்டும். 997 என்பது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்புத்துறை ஆணையம், பாங்கிகள் ஆகியோர் சேர்ந்து, போன பணம் எக்கணக்கில் நிற்கிறதென்று தேடி முடக்குவதற்காக ஏற்பட்டது அது. பின்னர் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, அதன் நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு வேலைக்கும் அந்த நகல் தேவைப்படும்.

இவ்வளவு அவசரம் ஏன்? மோசக்காரன் தன் சொந்தக் கணக்கில் பணத்தை வாங்குவது அரிது. கூலிக்கு இரவல் பெற்ற பிறர் கணக்கில் வாங்குகிறான். மலாயில் இதனை ‘அக்கவுன் கெல்டாய்’, அதாவது கழுதைக் கணக்கு என்பர். அங்கிருந்து பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி, கடைசியில் ரொக்கமாகிவிடும். ரொக்கமாகும் முன் பிடித்தால்தான் உண்டு. பிடிபட்ட பணமும் உடனே கைக்கு வராது. விசாரணை முடியும்வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கும். நம் கடைச் சிப்பந்திகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். காசுக்கு ஆசைப்பட்டுத் தம் பாங்கிக் கணக்கைப் பிறர் கையில் கொடுப்பது, 2024-ல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின்படி குற்றமாகும்.

3. பணம் கொடுத்த வழி

டியூட்நவ் முதலிய பாங்கி மாற்று, கொடுத்த கணமே போய்ச் சேர்ந்துவிடும். பணத்தை நாமே மனமொப்பி அனுப்பியதால், அதைத் திருப்பித் தரும் கட்டாயம் பாங்கிக்கு இராது. ஆகவே மிகப் பலவீனமான வழி இதுவே.

கிரெடிட் கார்டு அல்லது டெபிட் கார்டு வழியாகக் கொடுத்திருந்தால், சரக்கு வரவில்லை என்று பாங்கியிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கார்டு நிறுவனத்தின் விதிகளுக்கு உட்பட்டு, விற்றவரின் பாங்கியிடமிருந்து தொகையைத் திருப்பிக் கேட்கும் முறை உண்டு. இதற்குக் கெடு உண்டாகையால் மாதக் கணக்கு வரட்டும் என்று காத்திராமல் அன்றே எழுதுக.

ஷாப்பி, லசாடா போன்ற இணையச் சந்தைகளுக்குள்ளேயே பணம் செலுத்தியிருந்தால் நிலைமை இன்னும் நன்று. அங்கே உடன்படிக்கைக் காலம் முடியும்வரை சந்தை நிர்வாகமே நடுவில் நின்று பணத்தைக் காத்து வைக்கிறது. பொட்டலத்தைப் பிரித்துச் சோதிக்கும் முன் ‘சரக்குக் கிடைத்தது’ என்ற பொத்தானை அமுக்காதீர்கள். குறை கண்டால் கெடுவுக்குள் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். “வெளியே வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், இன்னும் விலை குறைத்துத் தருகிறேன்” என்று விற்பவன் அழைத்தால், அந்த நடுவனை விலக்குவதற்காகவே அழைக்கிறான் என்று உணர்க.

4. ஆதாரம்

எழுதிவைத்தல் வியாபாரிக்குப் புதிதன்று. விளம்பரம், பேச்சு வார்த்தை, பணம் அனுப்பிய ரசீது, கணக்கு எண், கணக்குக்காரர் பெயர், டெலிபோன் எண் ஆகிய அனைத்தையும் படமெடுத்துத் தேதி வாரியாக வையுங்கள். மோசக்காரன் தன் பக்கத்தை அழித்துவிடுவான். ஆத்திரத்தில் நாமே பேச்சு வார்த்தையை அழித்துவிடுவதும் உண்டு. இரண்டாவதையாவது நாம் தவிர்க்கலாம்.

5. தீர்ப்பாயமும் கோர்ட்டும்

விற்றவர் இன்னாரென்று தெரிந்த தகராறாயின், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

இவ்விடத்தில் வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தீர்ப்பாயம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்கியவர்களுக்கே உரியது. வீட்டுக்கு வாங்கிய குளிர்ப்பெட்டிக்கு அங்கே போகலாம். கடைக்கு வாங்கியதற்கும், மறுவிற்பனைக்கு வாங்கிய சரக்குக்கும் அங்கே இடமில்லை. அவற்றுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டை நாட வேண்டும். தனிநபர் தொடுக்கும் 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்குகளுக்கு வக்கீலின்றி வாதாடும் எளிய முறை அங்கே உண்டு. நம் உதாரணத்து 4,200 வெள்ளி அதற்குள் அடங்கும். ஆனால் எதிராளி யார், எங்கிருக்கிறார் என்று தெரிந்திருந்தால்தான் அது பயன்படும்.

6. இரண்டாவது வலை

பணத்தை இழந்து தவிப்பவரைத் தேடி இன்னொருவன் வருவான். “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்பான். போலீஸ் என்பான், பாங்கி அதிகாரி என்பான், கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்பான். புகார் எழுத முன்கட்டணம் கேட்கும் போலீஸ் இல்லை. இரகசிய எண்ணைக் கேட்கும் பாங்கியும் இல்லை. இத்தகைய அழைப்பை உடனே துண்டித்துவிடுங்கள்.

7. பணம் கொடுக்குமுன்

மேற்கண்ட அலைச்சல் அனைத்தையும் ஐந்து நிமிடச் சோதனை மிச்சமாக்கும். போலீசாரின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் கணக்கு எண்ணையும் டெலிபோன் எண்ணையும் இட்டுப் பாருங்கள். அதில் புகார் இல்லையென்பதால் மட்டும் ஆள் நல்லவன் என்று முடிவு கட்டாதீர்கள். கம்பெனி பெயர் சொல்லிவிட்டுத் தனிமனிதன் கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெருந்தொகையாயின் சரக்கைக் கண்ணால் கண்ட பின் பணம் என்று பேசுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும் பணம் திரும்பாமற் போகலாம். எனினும் அந்தப் புகார் வீண்போகாது. அதனால் அடையாளம் காணப்படும் கணக்கு எண், நாளை வேறொரு கடைக்காரர் சோதிக்கும்போது அவரை எச்சரிக்கும். சிறு வியாபாரிக்கு முதல் என்பது பல வருட உழைப்பு. அதைக் கேட்டுப் பெறுவது அவருடைய ஹக்கு, அதில் வெட்கமில்லை. ஆகவே 997 என்ற எண்ணையும் உங்கள் பாங்கியின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி இன்றே கல்லாவுக்கு மேல் ஒட்டிவையுங்கள்.