உறுமுது, ஆனா சுத்தல: கழட்டறதுக்கு முன்னாடி கண்டுபிடிங்க

வீட்டு மோட்டார் சுவிட்சைப் போட்டா "ம்ம்ம்"னு உறுமுது, ஆனா சுத்தல. உடனே வீட்ல யாராவது ஒருத்தர் தீர்ப்பு சொல்லிடுவாங்க: "காயில் போச்சுங்க." காயில் கட்டறதுன்னா ஆயிரக்கணக்கில் செலவு, நாலு நாள் தண்ணியும் இருக்காது. ஆனா பல நேரம் அங்கே போயிருப்பது வெறும் கண்டன்சர்தான். இதில் கொடுமை என்னன்னா, உறுமற மோட்டாரை "கொஞ்ச நேரம் விட்டுப் பாக்கலாம்"னு ஓடவிட்டா, கொஞ்ச நேரத்திலேயே காயில் நிஜமாவே எரிஞ்சு போகும். சின்ன செலவு பெரிய செலவாக மாறுவது அந்த நேரத்தில்தான்.

அந்தியூர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு எடுத்துக்காட்டு போதும். ஆடித் திருவிழாவில் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போயிருப்பீங்க. குதிரை வாங்க வர்றவர் முதலில் விலை கேட்கிறதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதுக்கப்புறம்தான் பேச்சு. ரிப்பேர் வேலையும் அப்படித்தான். ஸ்பேனர் எடுக்கறது கடைசி வேலை, பார்க்கறதுதான் முதல் வேலை.

நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. 1893-ல் சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர், ஓட்டலில் வேலை செய்து 300 ரூபாய் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? முழுசாக் கழட்டி, ஒவ்வொரு பாகமும் எதுக்குன்னு பார்த்து, திரும்ப மாட்டினார். பின்னாளில், 1937-ல், டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோயம்புத்தூரில் மின்மோட்டார் செய்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். இன்னிக்கு நம்ம வீட்டுக் கிரைண்டரும் பம்ப் செட்டும் கோயம்புத்தூரில் இருந்து வருதுன்னா, அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் அது.

இனி பாடத்துக்கு வருவோம். நாலு சாதாரணக் கோளாறுகள். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: உள்ளே வரவேண்டியது வருதா? சுத்தவேண்டியது கையால் சுத்துதா? இந்த இரண்டுக்கும் நடுவில் எது விட்டுப்போச்சு?

1. உறுமுது, சுத்தல

மூன்றாவது செமஸ்டர் மெஷின்ஸ் பேப்பரில் படிச்சதை ஞாபகப்படுத்துங்க. சிங்கிள் பேஸ் மின்சாரம் சுழலும் காந்தப்புலத்தைத் தராது, கூடிக் குறையும் புலத்தைத்தான் தரும். அதை எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சம புலங்களாகப் பிரிச்சுப் பார்க்கலாம். நிற்கும் மோட்டாரை ஒண்ணு இந்தப் பக்கம் இழுக்க, இன்னொண்ணு அந்தப் பக்கம் இழுக்கும். கூட்டிக் கழிச்சா பூஜ்யம். அதனால்தான் மோட்டார் நின்ன இடத்திலேயே உறுமுது. கயிறு இழுக்கற போட்டியில் இரண்டு அணியும் சம பலமா இருக்கற மாதிரி.

இந்தச் சமநிலையை உடைக்கத்தான் உள்ளே இரண்டாவதாக ஒரு காயில் இருக்கு. கண்டன்சர் அந்தக் காயிலில் ஓடும் மின்னோட்டத்தை கிட்டத்தட்ட 90 டிகிரி முன்னால் தள்ளும். இரண்டு காயிலுக்கும் நேர வித்தியாசம் வந்துட்டா புலம் சுழலும், மோட்டார் கிளம்பும். சீலிங் ஃபேன், பம்ப் செட், கிரைண்டர் மூன்றிலும் அடிப்படை இதே கதைதான்.

இப்போ சோதனை. ஃபேனை ஆன் பண்ணி, ஒரு நீளமான காய்ந்த குச்சியால் (கையால் வேண்டாம்) இறக்கையை லேசாத் தள்ளுங்க. தள்ளின திசையிலேயே சுத்த ஆரம்பிச்சு, எதிர்த்திசையில் தள்ளினா எதிர்த்திசையிலும் சுத்தினால், மெயின் காயில் நல்லா இருக்கு. கோளாறு கண்டன்சரிலோ இரண்டாவது காயிலிலோதான். மேலே சொன்ன "எதிரெதிர் இரண்டு புலம்" என்ற பாடத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய செய்முறை கிடையாது. ஃபேன் சுத்துது ஆனா மெதுவா சுத்துதுன்னா, கண்டன்சர் முழுசாச் சாகலை, தேய்ஞ்சிருக்கு. 2.5 மைக்ரோ ஃபாரட் இருக்கவேண்டியது மல்டிமீட்டரில் 2-க்கும் கீழே காட்டினா மாத்திடலாம்.

பம்ப் செட்டில் குச்சி வேலைக்கு ஆகாது. மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிப் பையில் போட்டுக்கிட்டு, பின்பக்கம் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்க. இறுக்கமா இருந்தா பேரிங்கோ இம்பெல்லரோ பிடிச்சிருக்கு. பல மாசம் ஓடாமக் கிடந்த பம்பில் துருவே இம்பெல்லரைப் பிடிச்சுக்கும். லேசாச் சுத்தினா அடுத்த சந்தேகம் கண்டன்சர்.

வோல்டேஜையும் மறக்கக்கூடாது. மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால், கிளம்பும் இழுவை சுமார் 61 சதவீதம்தான். சாயங்காலம் கிளம்பாத மோட்டார் விடியக்காலையில் கிளம்பினால், கண்டன்சரை மாத்தறதுக்கு முன்னாடி மீட்டரை வெச்சுப் பாருங்க.

கண்டன்சரைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. மெயினை அணைச்சாலும் அது மின்னூட்டத்தைப் பிடிச்சு வெச்சிருக்கலாம். 230 வோல்ட்டின் உச்சம் சுமார் 325 வோல்ட். அந்த வோல்டேஜில் ஃபேனின் 2.5 மைக்ரோ ஃபாரட்டில் சேரும் ஆற்றல் சுமார் 0.13 ஜூல். பம்பில் 36 மைக்ரோ ஃபாரட் இருந்தால் 1.9 ஜூல். ஃபேனை விட 14 மடங்கு. ஏணி மேல நிக்கறப்போ சின்ன ஷாக்கே போதும் கீழே விழ. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் ஷார்ட் பண்ணி "பட்"னு பொறி பறக்கவிடுவது சினிமாவுக்குச் சரி. நாம 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் பிடியோடு இரண்டு முனைக்கும் நடுவில் சில விநாடி வெச்சு, பிறகு மீட்டரில் பூஜ்யம் காட்டுதான்னு பார்ப்போம். 36 மைக்ரோ ஃபாரட்டுக்கு டைம் கான்ஸ்டன்ட் 0.36 விநாடி, ஐந்து மடங்கு என்றாலும் 2 விநாடிக்குள் காலி.

புதுசு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்க. மைக்ரோ ஃபாரட் அதே அளவு இருக்கணும். "பெருசாப் போட்டா வேகமா ஓடும்"ங்கறது தப்பு, காயில்தான் சூடாகும். வோல்டேஜ் 440-ன்னு போட்டிருந்தா 440-ஓ அதுக்கு மேலோதான் வாங்கணும். வீட்டுக்கு 230-தானே வருதுன்னு கேக்கலாம். காயிலும் கண்டன்சரும் சீரிஸில் நிற்பதால், கண்டன்சருக்கு மேல் சப்ளையைவிட அதிக வோல்டேஜ் ஏறும். அதுக்குத்தான் அந்த இடைவெளி.

2. சுத்துது, தண்ணி வரல

இது மின்சாரப் பிரச்சினையே இல்லை. பம்ப் தண்ணியை "உறிஞ்சுது"ன்னு நாம பேசறோம். உண்மையில் அது உள்ளே அழுத்தத்தைக் குறைக்குது, வெளியில் இருக்கும் காற்றுதான் தண்ணியை மேலே தள்ளுது. காற்றால் தள்ள முடிந்த உயரம் கணக்குப்படி சுமார் 10.3 மீட்டர், குழாய் உராய்வெல்லாம் போக நடைமுறையில் 6, 7 மீட்டர். நம்ம பக்கம் பழைய கிணறுகளில் மோட்டாரை மேலே வைக்காம, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கி வெச்சிருப்பாங்க இல்லையா? அந்தக் கணக்குதான். தண்ணி இறங்க இறங்க மோட்டாரும் பின்னாலேயே இறங்கும்.

அதனால் பார்க்கவேண்டிய வரிசை இது. கிணத்துத் தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு? பம்பில் தண்ணி நிரப்பினா நிக்குதா, வடியுதா? வடிஞ்சா ஃபுட் வால்வு கசியுது. ஒரு சின்னக் கல்லோ இலையோ சிக்கினாலே போதும். நிரம்பி நிக்குது, ஆனாலும் வரலைன்னா சக்‌ஷன் குழாய் இணைப்பில் காற்று நுழையுது. டெலிவரி பக்கம் ஓட்டை இருந்தா தண்ணி வெளியே பீய்ச்சும், உடனே தெரியும். சக்‌ஷன் பக்கம் ஓட்டை இருந்தா ஒண்ணும் சிந்தாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத கசிவு அதுதான். இணைப்பு மேல சோப்பு நுரையைத் தடவி ஓடவிட்டா, ஓட்டை இருக்கற இடத்தில் நுரை உள்ளே இழுக்கும். அந்தச் சோதனையையும் அரை நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதீங்க. தண்ணி இல்லாமச் சுத்தினா மெக்கானிக்கல் சீல் கருகிடும்.

3. உதைக்கறோம், வண்டி கிளம்பல

1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்து நம்ம ஊர்ப் பால் கேனும் புல்லுக்கட்டும் மொபெட்டில்தான் போகுது. அந்த வண்டியானாலும் புது பி.எஸ்.6 வண்டியானாலும் பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டியது மூன்றுதான்: பெட்ரோல் கலந்த காற்று, சரியான நேரத்தில் பொறி, அழுத்தம்.

முதலில் காசில்லாத சோதனைகள். கில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கு? டேங்கில் பெட்ரோல் இருக்கா? சைடு ஸ்டாண்டு சென்சார் உள்ள வண்டியில் ஸ்டாண்டு மேலே இருக்கா? சிரிக்காதீங்க, மெக்கானிக் கடைக்குத் தள்ளிட்டுப் போற வண்டிகளில் சில இதோடயே முடிஞ்சுடும்.

அடுத்து, பத்துப் பதினைஞ்சு உதை உதைச்சுட்டு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பிளக் காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரலை: டியூப், ஃபில்டர், கார்ப்பரேட்டர் ஜெட் பக்கம் தேடுங்க. பெட்ரோலில் நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, பொறிதான் இல்லை, இல்லாட்டி சோக் அதிகமாப் போட்டு மூழ்கிடுச்சு. இந்த ஒரே பார்வையில் பாதி சந்தேகம் கழிஞ்சுது. கறுப்பாக் காய்ஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டர் அடைப்பையும் பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா இன்ஜின் ஆயில் மேலே ஏறுது, அல்லது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் கலவை அதிகம்.

பொறி இருக்கான்னு பார்க்க, வேற ஒரு நல்ல பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினைத் தொடும்படி வெச்சு உதைக்கணும். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வையுங்க. உள்ளேயிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். பெட்ரோல் வாசனை தூக்கலா இருந்தா இந்தச் சோதனையே வேண்டாம். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றைக் கையாலேயே திருகணும். அலுமினிய ஹெட்டில் மரை போச்சுன்னா, பிளக் விலை எங்கே, அந்தச் செலவு எங்கே!

4. பர்கூர் மலை இறங்கும்போது

இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. அந்தியூரில் இருந்து பர்கூர் போய்த் திரும்பற மலைப்பாதையை யோசிங்க. வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ, இறங்கும் உயரம் 500 மீட்டர்னு வெச்சுக்குவோம். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினா சுமார் 12 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோற சூடு அது. நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா, காற்றுத் தடுத்தது போக மீதிச் சூடு முழுக்க இரண்டு சின்ன டிரம்முக்குள் போகணும். டிரம் சூடாகி விரியும், ஷூவின் உராய்வு குறையும், மிதி ஆழமாப் போகும், வண்டி மட்டும் நிக்காது.

"பெட்ரோல் மிச்சம்"னு இறக்கத்தில் நியூட்ரல் போடறவங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இன்ஜின் ஒரு பங்கைத் தாங்கும். கிளம்பும் முன் பிரேக்கின் ஃப்ரீ பிளேயைப் பாருங்க. பல வண்டிகளில் பிரேக் லீவர் பக்கத்தில் தேய்மான அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசா மிதிச்சா அம்பு எல்லைக் கோட்டைத் தாண்டினால், நட்டை முடுக்கிச் சமாளிக்கிற நேரம் முடிஞ்சது, ஷூ மாத்தணும். டிரம்மைத் திறந்தா உள்ளே இருக்கற தூசியை வாயால் ஊதாதீங்க. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைங்க.

எங்கே நிறுத்தணும்?

டெஸ்டர் எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க. நியூட்ரல் அறுந்திருந்தா, இரண்டு ஒயரிலும் டெஸ்டர் எரிஞ்சும் குழப்பும். மீட்டர்தான் சாட்சி. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு தடிச்ச கம்பி போடறது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கறது மாதிரி. எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஆளைக் காப்பாத்தறது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.தான். கிரைண்டரையோ மோட்டாரையோ தொட்டா "சுரீர்"னு அடிக்குதுன்னா, செருப்புப் போட்டுக்கிட்டுப் பயன்படுத்தறது தீர்வு இல்லை. அணைச்சுட்டு, எர்த்தைப் பார்க்க லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மீட்டர் போர்டும் கம்பத்து ஒயரும் நம்ம வேலையே இல்லை.

கடைசியா, அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ செய்ய ஒரு வேலை. மோட்டார், ஃபேன், கிரைண்டர் மூன்றின் பெயர்ப்பலகையையும் கண்டன்சர் அளவையும் ஒரு தாளில் எழுதி, சுவிட்ச் போர்டு பக்கத்தில் ஒட்டி வையுங்க. ஆர்.சி.சி.பி. இருந்தா அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்க; விழணும். நீங்க ஹாஸ்டலில் இருக்கும்போது ஒரு நாள் அம்மா போன் பண்ணி "மோட்டார் உறுமுதுடா" என்பாங்க. "உடனே ஆஃப் பண்ணுங்கம்மா, அந்தத் தாளில் இருக்கற அளவைக் கடையில் காட்டச் சொல்லுங்க"ன்னு சொல்ல முடிஞ்சா, அந்த ஒரு வாக்கியத்துக்குக் காயில் கட்டற செலவு மிச்சம்.