இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளை நம்பலாமா?

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

கால்நடை மருத்துவர் கோமாரித் தடுப்பூசி போட ஊருக்கு வரும்போது நாம் காசு கொடுப்பதில்லை. ஆயினும் அவ்வூசியை ஐயுறுவதுமில்லை. அதை யார் தருகிறார், எதற்காகத் தருகிறார், செலவை யார் ஏற்கிறார் என்பவை நமக்குத் தெரியும். சந்தையில் முன்பின் அறியாத ஒருவன் ஒரு புட்டியை நீட்டி, "காசு வேண்டாம், மாட்டுக்குக் கொடுங்கள்" என்றால் வாங்குவோமா? இரண்டும் இலவசமே. எனினும் ஒன்றை ஏற்கிறோம், மற்றதை மறுக்கிறோம். ஊராட்சி அலுவலகக் கணினியில் இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சேர்க்குமுன்பும் இதே விவேகம் வேண்டும்.

இன்று வீட்டு வரிப் பதிவு, குடிநீர்க் கட்டணம், தீர்மானங்கள் ஆகிய யாவும் கணினிக்கு வந்துவிட்டன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஊராட்சிப் பணத்தை வழங்குவதற்கே இலக்கக் கையொப்பம் பயன்படுகிறது. ஆதலின் அக்கணினியைக் காப்பது கஜானாவைக் காப்பதற்கு ஒப்பாகும்.

ஓர் ஊராட்சியில் நேர்ந்தது

நான் முன்பு பணியாற்றிய ஒன்றியத்தில் ஓர் ஊராட்சிச் செயலர், படிவங்களை அச்சிடப் பென் டிரைவை வெளிக் கடைக்கு எடுத்துச் சென்று வந்தார். மறுநாள் அதிலிருந்த கோப்புறைகள் எல்லாம் வெறும் குறுக்குவழிக் குறிகளாக மாறியிருந்தன. அலுவலகக் கணினியில் விண்டோஸோடு வந்த தடுப்பு மென்பொருள் இருந்தது. ஆனால் "கணினி மெதுவாக ஓடுகிறது" என்று யாரோ அதை நிறுத்திவைத்திருந்தனர். திரையில் தோன்றிய ஒரு விளம்பரத்தை நம்பிச் செயலர் வேறோர் இலவச மென்பொருளை இறக்கினார். அது நூற்றுக்கணக்கான குற்றங்களைச் சிவப்பு எழுத்தில் காட்டி, அவற்றை நீக்கப் பணம் கேட்டது. அவர் அஞ்சிப்போய்ப் பழுது பார்ப்பவரை அழைத்தார். வந்தவர் பென் டிரைவையும் கணினியையும் ஒருங்கே துடைத்தழித்துப் புதிதாக்கிவிட்டார். நான்காண்டு வரிப் பதிவு போயிற்று.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவ்வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை; மறைத்து மட்டுமே வைக்கிறது. மறைந்தவற்றை வெளிக்கொணர்ந்து, வைரஸை நீக்கியிருந்தால் பதிவுகள் மீண்டிருக்கும். இரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைக் கொண்டு மூன்று மாதம் மீண்டும் தட்டச்சு செய்தோம். வரி கட்டியவர்களிடமே "கட்டினீர்களா?" என்று கேட்கும் நிலை வந்தபோது தலைவர் அம்மையார் பட்ட மனவேதனையை நான் மறக்கவில்லை.

தடுப்பு மென்பொருள் எவ்வாறு வேலை செய்கிறது?

காவல் நிலையத்தில் பழைய குற்றவாளிகளின் அடையாளப் பட்டியல் இருக்கும். தடுப்பு மென்பொருளிடமும் அறியப்பட்ட வைரஸ்களின் பட்டியல் உண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும். புதிய திருடன் பட்டியலில் இரான் அல்லவா? ஆகவே, நள்ளிரவில் சுவர் ஏறுபவனைப் பாராக்காரர் ஐயுறுவது போல, கோப்பின் நடத்தையையும் அது கவனிக்கும். மூன்றாவதாக, ஐயம் எழுந்தால் இணையத்தின் வழியே தன் நிறுவனத்தைக் கேட்டறியும். எனவே பட்டியல் பழையதானாலும், இணையம் இல்லாவிடினும் காவல் தளரும்.

இலவசத்தின் செலவை ஏற்பவர் யார்?

சில நிறுவனங்கள் அடிப்படைக் காவலை இலவசமாகத் தந்து, கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம் பெறுகின்றன. இது நேர்மையான வியாபாரமே. ஆயிரமாயிரம் கணினிகளிலிருந்து புதிய வைரஸ்களைப் பற்றிய செய்தி கிடைப்பதும் அவர்களுக்கு ஆதாயம். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், விண்டோஸின் அங்கமாகவே வருவதால் அதன் விலை விண்டோஸின் விலையில் அடங்கியது. கிளாம்-ஏ.வி. என்பது திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை எவரும் படித்துச் சோதிக்கலாம். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரம் வழியாகவும் இலவசக் கருவிகள் வழங்கப்படுகின்றன.

வேறு வழியில் ஆதாயம் தேடிய நிகழ்ச்சிகளும் உண்டு. அவாஸ்ட் என்பது செக் நாட்டில் தோன்றிய புகழ்பெற்ற நிறுவனம். தம்மை வேவு பார்ப்போரைத் தடுக்கவே மக்கள் அதன் மென்பொருளைச் சேர்த்துக்கொண்டனர். ஆனால் அவர்கள் இணையத்தில் எவற்றைப் பார்த்தனர் என்னும் விவரத்தை ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனம், 2014 முதல் 2020 ஜனவரி வரை நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றதாக அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. ஜம்ப்ஷாட் 2020இல் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஆணையம் அறிவித்த உத்தரவின்படி அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அவ்விவரங்களை விளம்பரத்துக்காக விற்பதும் தடை செய்யப்பட்டது. அம்மென்பொருள் வைரஸைப் பிடிக்கத் தவறியது என்பது குற்றச்சாட்டன்று. திறமை வேறு, நம்பகம் வேறு என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

"இலவசச் சோதனை" என்பதும் ஆராயத்தக்கது. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் கணினிகளுக்கு இலவசச் சோதனை செய்தனர். வாடிக்கையாளர் தொடக்கத்தில் கேட்கப்பட்ட நான்கு கேள்விகளுள் ஒன்றுக்கு "ஆம்" என்றாலே போதும். கணினியில் நோய்க்குறி இருப்பதாக முடிவு வரும் என்று அதே ஆணையம் கண்டது. 2019 மார்ச்சில் அந்நிறுவனம் 2 கோடியே 50 லட்சம் டாலரும், மென்பொருளை அளித்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் செலுத்த இணங்கின. நம் செயலர் கண்ட சிவப்பு எழுத்துகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

தரத்தை அறிவது எப்படி?

விதை வாங்கும்போது சான்று அட்டையின் நீல நிறத்தையும் காலாவதி நாளையும் பார்க்கிறோம். விற்பவரின் புகழுரையை மட்டும் கேட்டு வாங்குவதில்லை. மென்பொருளுக்கும் தனித்து நின்று சோதிக்கும் நிலையங்கள் உள்ளன. ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் ஆகியவை முடிவுகளை இணையத்தில் யாவரும் காண வெளியிடுகின்றன. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் இச்சோதனைகளில் கட்டண மென்பொருள்களுக்கு நிகராகப் பலமுறை நன்மதிப்பெண் பெற்றுள்ளது. ஆயினும் இணையம் இல்லாதபோது அதன் கண்டறியும் திறன் குறைவதையும் சோதனைகள் காட்டியுள்ளன. இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊர்களில் இது கருதத்தக்க குறை.

இன்னொரு செய்தியையும் உறுப்பினர்கள் அறிதல் வேண்டும். இலவசப் பதிப்புகள் பல, தனி மனிதரின் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே உரிமம் பெற்றவை. ஊராட்சி அலுவலகம் வீடு அன்று. அங்கு அவற்றைச் சேர்ப்பது உரிம விதியை மீறுவதாகும்.

தடுப்பு மென்பொருள் மட்டும் போதுமா?

போதாது. 2017 மே 12 அன்று வான்னகிரை என்னும் வைரஸ் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தவித்தன. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகக் கணினிகள் சிலவும் பூட்டப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் மாதமே இலவசமாக வெளியிட்டிருந்தது. சேர்த்தவர் தப்பினர், ஒத்திப்போட்டவர் பலர் சிக்கினர். விண்டோஸ் 7க்கு வழக்கமான திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் நின்றுவிட்டன. பழைய கணினி வைத்திருக்கும் ஊராட்சிகள் இதனை உடனே கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

1. கணினியோடு வந்த டிஃபெண்டரை நிறுத்தாதீர்கள். அதன் பட்டியலும் விண்டோஸ் திருத்தங்களும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகின்றனவா என்று செயலர் பார்க்கட்டும்.

2. ஒரே கணினியில் இரண்டு தடுப்பு மென்பொருள்களை ஓட்டாதீர்கள். ஒன்றை ஒன்று ஐயுற்றுக் கணினியை மந்தமாக்கும்.

3. வேறு மென்பொருள் தேவையெனில், ஒன்றிய அலுவலகத்தைக் கலந்து, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். திரையில் தானே தோன்றும் எச்சரிக்கையை நம்பிப் பணம் செலுத்தாதீர்கள்.

4. வெளியே சென்று வந்த பென் டிரைவைச் சோதித்த பின்னரே திறவுங்கள்.

5. கையொப்பச் சாதனத்தை வேலை முடிந்ததும் கழற்றிப் பூட்டி வையுங்கள்.

6. வாரம் ஒருமுறை பதிவுகளைத் தனி வட்டில் படியெடுத்து, கணினியிலிருந்து பிரித்து வையுங்கள்.

விவசாய நண்பர்களுக்கும் ஒரு சொல். அரசுத் திட்டத்தின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறவாதீர்கள். பணம் பறிபோயின் தாமதியாது 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

விதைநெல்லை ஒரே குதிரில் வைத்து உறங்கும் உழவர் இலர். எலிக்கு ஒரு காவல், ஈரத்துக்கு ஒரு காவல், தவறினால் அடுத்த வீட்டில் ஒரு பங்கு என்று வைப்பது நம் முன்னோர் கண்ட முறை. ஊர் மக்களின் கணக்கையும் அவ்வாறே காப்போமாக. அடுத்த மன்றக் கூட்டத்தில் "நம் கணக்குக்கு மறுபடி உண்டா?" என்று உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்பாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.